துரு போட்ட பூட்டு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1967 முதல் தயாராகிவரும் 'ஆர்கோ', சதுப்பு, பனி, ஏரி எதையும் விட்டுவைக்காத வண்டி. ஆறு அல்லது எட்டுச் சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுபோவது சங்கிலியும் ஸ்ப்ராக்கெட் எனும் பல்சக்கரமும்தான். தண்ணீரில் இறங்கி ஏறும் இந்த வகை வண்டிகளில், பல வருடம் கழித்துப் பல்சக்கரத்தைக் கழற்றப் போனால், போல்ட்டெல்லாம் எடுத்த பிறகும் அது ஆக்சிலை விட்டு அசையாது.

பிடித்துவைத்திருப்பது துரு. ஆக்சிலுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளி உண்டு. ஓடும்போது ஏற்படும் அதிர்வில் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி, நுண்ணிய இரும்புத் தூளை உதிர்க்கின்றன. அது ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்புப் பொடியாகிறது. உள்ளே கசியும் தண்ணீர் மேலும் துருவை வளர்க்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். போக வழியில்லாத அந்தப் பருமன் இரு பக்கமும் நெருக்கித் தள்ளுவதுதான் இந்த இறுக்கம்.

ஆனால் துரு நொறுங்கும் பொருள், அதனால் இந்த இறுக்கத்தை உடைக்க முடியும். முதலில் கம்பித் தூரிகையால் விளிம்பைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட வேண்டும். பிசுக்கு குறைந்த எண்ணெய், நுண்துளை ஈர்ப்பால் இடுக்கில் தானே ஊறிப்போகும். ஒரு இரவாவது விட்டுவைப்பது நல்லது.

அடுத்தது, கால்களால் பல்சக்கரத்தைப் பிடித்து, நடுத் திருகால் ஆக்சிலைத் தள்ளி இழுக்கும் புல்லர் எனும் கருவி. 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளி உள்ள அதன் திருகை 30 சென்டிமீட்டர் ஸ்பானரால் சுற்றினால், கணக்குப்படி கைவிசை சுமார் 1,250 மடங்காகிறது. பெரும்பகுதி உராய்வில் போனாலும், மிஞ்சுவது டன் கணக்கில் இருக்கும். புல்லரின் கால்கள் பல்லின் ஓரத்தில் அல்ல, நடுக்குடத்தை (ஹப்) ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்தால் தட்டு வளையும். திருகை இறுக்கிவைத்து அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், நிலையான இழுப்புக்கு அசையாத துரு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். படீரென்று விடுபடலாம் என்பதால் புல்லருக்கு நேராக நிற்கக் கூடாது.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. சூடுபட்டால் துளை சுருங்காது, விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவது இதை நம்பித்தான். 25 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுப் பல்சக்கரம் ஆக்சிலைவிட 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், துளை சுமார் 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். துருவின் பிடி தளர அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் வெப்ப வித்தியாசம் முக்கியம்: மெதுவாகக் காய்ச்சினால் சூடு ஆக்சிலுக்கும் பரவி, அதுவும் சேர்ந்து பருத்துவிடும். குடத்தைச் சுற்றிலும் வேகமாகச் சூடேற்றி, உடனே இழுக்க வேண்டும்.

சூட்டில் கவனமும் தேவை: ஆர்கோவின் உடல் பிளாஸ்டிக். பக்கத்திலேயே ரப்பர் ஆயில் சீல். விட்ட எண்ணெயும் தீப்பிடிக்கும். எனவே எண்ணெயைத் துடைத்த பிறகே சூடு. தீச்சுவாலையைவிட, காந்தப்புலத்தால் உலோகத்தை மட்டும் சூடாக்கும் இண்டக்‌ஷன் கருவி பாதுகாப்பானது. எஃகு நீலம் பூத்தால் வெப்பம் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். பதப்படுத்திய பற்களின் உறுதி அதில் போய்விடக்கூடும்.

கழற்றிய பின் இரு பரப்புகளையும் தேய்த்துச் சுத்தமாக்கி, செம்புத்தூள் கலந்த, இறுகிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைப் பூசி மாட்ட வேண்டும். இடைவெளியைப் பசை அடைத்துக்கொண்டால், தண்ணீரும் காற்றும் உள்ளே போவது கடினம். அடுத்த முறை சுத்தியலுக்கு அவ்வளவாக வேலை இருக்காது.