பிறர் செயலிகளில் பார்க்க வேண்டியது

நம் சங்கத்திற்கென ஒரு செயலி அமைக்க இளைஞர்கள் முனைந்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஏற்கெனவே உள்ள செயலிகளை ஆராய்பவர்கள் வண்ணத்தில் மயங்காமல், எதன் பின் எது வருகிறதென்று கவனிக்க வேண்டும்.

நான் பணியிலிருந்த காலத்தில், பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டப்படாமல் கைகாட்டி இறங்காது. இதை இன்டர்லாக்கிங் என்போம். 2016-இல் வந்த யு.பி.ஐ.யிலும் பெறுபவர் பெயரைக் காட்டிய பிறகே ரகசிய எண்ணைக் கேட்கிறார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. தளமும் பணம் கட்டுமுன் வண்டி, தேதி, பயணிகள் பெயரை மறுபடி காட்டுகிறது. இவற்றைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

சில தளங்களில் கோணல் எழுத்துகளைப் படித்து அடிக்கச் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு மூக்குக்கண்ணாடி போட்டாலும் விளங்காது! அது வேண்டாம். சந்தா கட்டும் பக்கத்தில் தொகையையும் சங்கத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் காட்டி, 'சரிதானா?' என்று கேட்ட பிறகே பணம் போகட்டும். நம்மில் பலருக்கு அது ஓய்வூதியப் பணம்.