இரு இல்லங்கள், ஒரே இலையுதிர் காலம்

1811ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வானத்திலே மாபெரும் வால்வெள்ளியொன்று தோன்றியது. பல மாதங்களாக வெறுங்கண்ணுக்கே புலனாகிய அதனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் வீட்டு முற்றங்களில் நின்று அண்ணாந்து பார்த்தனர். போருக்கு அறிகுறி என்றனர் சிலர். திராட்சை விளைச்சலுக்கு நற்சகுனம் என்றனர் வேறு சிலர். அந்த வால்வெள்ளியின் கீழே, பாரிஸ் நகரத்து வீடொன்றிலும், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் அமெரிக்காவின் குயின்சி என்னும் ஊரிலுள்ள வீடொன்றிலும், எட்டு நாள் இடைவெளியில் இரு பெண்மணிகள் மார்புப் புற்றுநோயின் பொருட்டுச் சத்திர சிகிச்சைக்கு உட்பட்டனர். இருவர் குடும்பத்தாரும் கடிதம் எழுதுவதில் வல்லவர்களாதலின், அவ்வில்லங்களின் உள்ளே நிகழ்ந்தவற்றை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அறிய முடிகின்றது.

அக்காலத்தில் வசதி படைத்தோர் சத்திர சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குச் செல்வதில்லை. வைத்தியரே ஆயுதப் பெட்டியுடன் வீட்டுக்கு வருவார். நோயாளியை உணர்விழக்கச் செய்யும் மருந்தையும் மேனாட்டார் அறிந்திலர். ஜப்பானிலே ஹனோகா செய்ஷு என்னும் வைத்தியர் 1804ஆம் ஆண்டிலேயே மூலிகை மருந்தினால் நோயாளியை உறங்கவைத்து மார்புப் புற்றுநோயை அறுத்தெடுத்திருந்தார். ஆனால் அந்நாடு பிறருக்குக் கதவடைத்திருந்த காலம் அது; செய்தி மேற்றிசைக்கு எட்டவில்லை. ஆகவே நோயாளி முழு உணர்வோடு கத்தியைத் தாங்கவேண்டும். கத்தி செய்யவேண்டியதைச் செய்து முடித்து வைத்தியர் புறப்பட்டுச் சென்றபின், புண்ணை ஆற்றுவதும் மனத்தைத் தேற்றுவதும் வீட்டாரின் கடமை.

பாரிஸில் இருந்தவர் ஃபனி பேர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை. 1778இல் வெளிவந்த ‘எவெலினா’ என்னும் நாவலினாற் பெரும்புகழ் எய்தியவர். இங்கிலாந்தின் அரசி சார்லட்டின் அரண்மனையில் ஐந்தாண்டு பணிபுரிந்தவர். 1793இல், தமது நாற்பத்தொன்றாம் வயதிலே, பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்திருந்த தளபதி தார்பிளேயை மணந்தார். அவர்களுக்கு ஒரே மகன்; பெயர் அலெக்சாந்தர். 1802இல் கணவரின் நாட்டுக்குச் சென்ற குடும்பம், மறு ஆண்டிலே போர் மீண்டும் மூண்டமையால் அங்கேயே சிறைப்பட்டாற்போல் தங்கிவிட்டது. தார்பிளே அரசாங்கக் காரியாலயம் ஒன்றிலே சிறு உத்தியோகம் பார்த்துவந்தார்.

1810ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே வலது மார்பில் சிறு நோவு கண்டது. ஃபனி அதனைப் பொருட்படுத்தவில்லை. வைத்தியரிடம் காட்டும்படி கணவர் மன்றாடியும், ‘தானே தீர்ந்துவிடும்’ என்று தள்ளிப்போட்டார். இவ்வழக்கம் எந்த நாட்டுப் பெண்மணிக்கும் புதிதன்று போலும். நோவு முற்றியபின் அழைக்கப்பட்டவர்கள் சாமானியரல்லர். ஒருவர் நெப்போலியனின் மனைவிக்குப் பிரசவம் பார்த்த துபுவா. மற்றவர் போர்க்களத்திலே காயமுற்றோரை விரைந்து எடுத்துச் செல்லும் வண்டிகளை அமைத்துப் பேர்பெற்ற இராணுவ வைத்தியர் லாரே. சத்திர சிகிச்சையன்றி வேறு வழியில்லை என்று அவர்கள் தீர்ப்புரைத்தபோது லாரேயின் கண்களில் நீர் துளும்பியதாம். நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம், சில மணி நேரத்துக்கு முன் சொன்னாற் போதும் என்று ஃபனி கேட்டுக்கொண்டார். தமது அச்சத்தைக் காட்டிலும், காத்திருக்கும் நாட்களிலே கணவர் படப்போகும் துன்பத்தையே அவர் பெரிதாக அஞ்சினார்.

செப்டெம்பர் 30ஆம் நாள் காலை. ஃபனி இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. கணவர் காரியாலயத்துக்குரிய கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது லாரேயின் கடிதம் வந்தது, அன்றே வருகிறாராம். கணவர் அருகில் நிற்கின்றார். ஃபனி என்ன செய்தார்? கடிதத்தை மெல்ல மெல்ல, நீண்ட நேரம் வாசிப்பவர்போற் பாவனை செய்தார். அவ்வளவு நேரமும் அவர் மனம் உபாயம் தேடிக்கொண்டிருந்தது. பின்னர் மகனைக் கட்டிலருகே அழைத்து, கணவருடைய மேலதிகாரியிடம் இரகசியமாக அனுப்பினார். அவசர வேலை என்று தார்பிளேயைக் காரியாலயத்துக்கு அழைத்து, எல்லாம் முடியும்வரை அங்கேயே நிறுத்திக்கொள்ளும்படி வேண்டுகோள். அலெக்சாந்தருக்கு அப்போது வயது பதினாறு. பேச்சற்று வெளியே சென்ற பிள்ளை, சொல்லவேண்டியதைச் சொல்லும்போது தாங்கமாட்டாது உட்கார்ந்து விம்மி அழுதான் என்பதைத் தாய் பின்னரே கேள்வியுற்றார்.

துபுவா வர இயலாமையால் சிகிச்சை பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளிப்போயிற்று. அந்த நேரத்தைக் கழிப்பதுதான் கொடுமையாயிருந்தது. விறாந்தையும் அறையுமாக நடந்த ஃபனி, சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யப்பட்ட கூடத்தை எட்டிப் பார்த்தார். கட்டுத்துணிகளும் பஞ்சும் குவிந்துகிடந்தன. கண்டதும் பின்வாங்கினார், பின்னர், சிறிது நேரத்திற் பட்டறியவேண்டியதைத் தமக்குத் தாமே மறைப்பதால் ஆவதென்ன என்று எண்ணி, அக்கூடத்திலேயே மேலும் கீழும் உலாவினார். கணவருக்குச் சில சொற்கள், மகனுக்குச் சில சொற்கள் எழுதிவைத்தார், ஒருவேளை பிழைக்காவிட்டால் அவர்களுக்கு உதவுமென்று. மூன்று மணிக்கு வாயிலிலே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வண்டிகள் வந்து நின்றன. கறுப்புடை தரித்த ஏழு ஆடவர் உள்ளே வந்தனர்.

சிகிச்சையை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. முகத்தை மூடிய மெல்லிய கைக்குட்டையினூடாக உருக்கின் பளபளப்பைத் தாம் கண்டதாக ஃபனி எழுதியிருக்கின்றார். கட்டுப்போட்டு முடியும்வரை இருபது நிமிடம் சென்றது. இருமுறை மயங்கினார். பணிப்பெண்களில் இருவர் ஓடிவிட்டனர். ஒருத்தி மட்டும் நின்றாள். முடிவில் தூக்கிச் செல்லப்படும்போது கண்திறந்து லாரேயைப் பார்த்தார். எத்தனையோ போர்க்களங்களைக் கண்ட அந்த மனிதர் நோயாளியைப்போலவே வெளிறி நின்றார். முகத்திலே இரத்தக் கறை.

தம்மைத் தாங்கவேண்டிய குடும்பத்தைத் தாமே தாங்கிக்கொண்டு அப்பெண்மணி கத்தியின் கீழே கிடந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கின்றது. அது சரியா என்று கேட்டால் நம்மால் முழுமனத்தோடு ஆமெனச் சொல்ல முடியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றப்பட்ட சுமை சிறிதன்று. ஆயினும், அன்புள்ள கணவர் அடுத்த அறையில் நின்று அலறலைக் கேட்பதைக் காட்டிலும் தாம் தனித்திருப்பது இலேசு என்று அவர் எண்ணினார். அவர் கணவரை அறிவார், நாம் அறியோம்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். குயின்சியில் இருந்தவர் அந்நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியான ஜோன் அடம்ஸின் புதல்வி. தாயின் பெயரையே தாங்கி அபிகேல் அமேலியா எனப்பட்டவராதலின் அமேலியா என்றே குறிப்போம். மணமாகி நியூயோர்க் மாநிலத்தின் தொலைவான லெபனன் என்னும் குடியேற்றத்தில் வாழ்ந்த அவர், 1810 மே மாதத்தளவில் மார்பிலே ஒரு கட்டியைக் கண்டார். மறு ஆண்டு கோடையில் தாய் வீட்டுக்கு வந்து, தந்தையின் பழைய நண்பரும் பேர்பெற்ற வைத்தியருமான பெஞ்சமின் ரஷ் என்பவருக்குத் தம் நிலையை விவரித்துக் கடிதம் எழுதினார்.

ரஷ் தமது பதிலை அமேலியாவுக்கு எழுதவில்லை, தந்தைக்கு எழுதினார். கத்தியொன்றே மருந்து, தாமதியாதீர் என்பதே அதன் சாரம். அதனைப் பெற்றோர் மெல்ல மெல்ல, மகள் கலங்காத வகையில் எடுத்துச் சொல்லவேண்டுமென்றும் கேட்டிருந்தார். நம் வீடுகளிலும் இதுதானே வழக்கம்! நோயின் பெயரை நோயாளிக்கு முன் உச்சரியாது, ‘கட்டி’ என்றும் ‘அந்த வருத்தம்’ என்றும் சொல்லி, குசினியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன் விறாந்தைக்கு வரும்போது முகத்தை மாற்றிக்கொள்ளும் தாய்மார் எத்தனை பேர்! ஆனால் அடம்ஸ் குடும்பத்தார் நெடுநாள் மறைத்துவைக்கவில்லை. ரஷ் எழுதியது செப்டெம்பர் 20. பொஸ்டன் நகரத்து வைத்தியர் ஜோன் வாரன் குயின்சி வீட்டிலே சத்திர சிகிச்சை செய்தது ஒக்டோபர் 8.

பாரிஸில் நடந்ததற்கு இது நேர்மாறு. இங்கே எவரும் வெளியே அனுப்பப்படவில்லை. பெற்றோரும் மகளும் இருந்த வீட்டிலேயே எல்லாம் நிகழ்ந்தது. அமேலியா இளமை முதலே அடக்கமும் பொறுமையும் உடையவர். சிகிச்சையையும் அவ்வாறே தாங்கினார். நோய் முழுவதும் அகற்றப்பட்டதென வைத்தியர்கள் நம்பினர்.

அவ்வீட்டுத் தாயின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். முதிய அபிகேலுக்கு அப்போது வயது அறுபத்தாறு. மகள் புண் ஆறாது கிடக்கின்றார். எழுபத்தைந்து வயதுக் கணவர் இருளிலே தடுக்கி விழுந்து காலைப் பெரிதும் காயப்படுத்திக்கொண்டு நடமாட இயலாதிருக்கின்றார். அதே ஊரிலே உடன்பிறந்த தமக்கை மேரி காசநோயால் மரணப் படுக்கையில். ஒக்டோபர் மாத நடுவில் மேரியின் கணவர் இறந்தார். அடுத்த நாளே மேரியும் இறந்தார். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு ஓடிய அந்த மூதாட்டி ஒரு மதகுருவின் புதல்வி. ருஷியாவிலே தூதுவராயிருந்த மகனுக்கும் பிறருக்கும் அவர் எழுதிய கடிதங்களில் கடவுளின் சித்தத்துக்குத் தலைவணங்கும் உள்ளம் தெரிகின்றது. ஆனால் அது கைகட்டி நிற்கும் வணக்கமன்று. பிரார்த்தனை ஒரு புறம். கட்டு மாற்றுதல், உணவூட்டுதல், இரவில் விழித்திருத்தல் மறுபுறம். கத்தி வேண்டுமென்று வைத்தியர் சொன்னபோது, தெய்வத்தின்மேற் பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்போம் என அவ்வீட்டில் எவரும் சொல்லவில்லை என்பதை நாம் இங்கே அழுத்தமாகக் குறிக்க விரும்புகின்றோம்.

மழைக்காலமும் பனிக்காலமும் தாய் வீட்டிலே கழிந்தன. கை வழங்குவதற்கு நெடுநாட் சென்றது. சிறிது சிறிதாக உடல் தேறியது. 1812இல் அமேலியா தம் வீட்டுக்குத் திரும்பினார். மறு ஆண்டிலே நோய் மீண்டும் தலைகாட்டியது. உடலெங்கும் வலி. இம்முறை அவர் வேண்டியது வைத்தியரையன்று, தந்தையின் வீட்டை. ஏறக்குறைய 300 மைல் தூரம், அக்காலத்துப் பாதைகளில், குலுங்கும் குதிரை வண்டியிலே பயணஞ்செய்து 1813 ஜூலை மாத இறுதியில் குயின்சியை அடைந்தார். ஆகஸ்ட் 15ஆம் நாள் கணவர், மகன், மகள், பெற்றோர் யாவரும் சூழ உயிர் நீத்தார். மறுநாளே தந்தை அச்செய்தியைத் தமது நண்பர் தோமஸ் ஜெபர்சனுக்கு எழுதினார். மகளின் பொறுமையைப் பற்றிய வரிகள் அக்கடிதத்தில் உண்டு.

ஃபனியோ பிழைத்தார், பிழைத்ததுமன்றி, அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840 ஜனவரி 6ஆம் நாள் எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். ஒருவர் வாழ்ந்ததற்கும் மற்றவர் மாண்டதற்கும் அவர்தம் பக்தியின் ஏற்றத்தாழ்வையோ குடும்பத்தாரின் அன்பின் அளவையோ காரணங் காட்டுவது கொடுமையாகும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதே காரணமாயிருக்கலாம். ஃபனிக்கு இருந்தது உண்மையில் புற்றுநோய்தானா என்று இக்கால வைத்தியர் சிலர் ஐயுறுவதுமுண்டு. நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும் வழக்கம் அன்றில்லை. இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அமேலியாவுக்குச் சிகிச்சை செய்த வாரனின் மகன் ஜோன் கொலின்ஸ் வாரனே, 1846 ஒக்டோபர் 16ஆம் நாள் பொஸ்டன் ஆஸ்பத்திரியில், ஈதர் ஆவியால் உணர்விழந்த நோயாளிக்குப் பலர் முன்னிலையிற் சத்திர சிகிச்சை செய்து காட்டியவர். ஒரு தலைமுறைதான் இடைவெளி.

ஃபனியின் உடற்புண் ஆறியது. மற்றப் புண் ஆறுவதற்கு நாளாயிற்று. மாதக்கணக்காக அதைப்பற்றி வாய்திறக்க அவரால் இயலவில்லை. பேச முற்பட்டால் மீண்டும் அக்கூடத்திலே கிடப்பதாகவே தோன்றுமாம். 1812 மார்ச் மாதத்தில், இங்கிலாந்திலிருந்த தமக்கை எஸ்தருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். பிறர் வாயால் அரைகுறையாய்க் கேட்டு உறவினர் கலங்கக்கூடாது. தம்மைப்போல் எவரும் நோயைத் தள்ளிப்போடவுங் கூடாது. முதிய தந்தைக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்று எண்ணினார். எழுதுவார், தலைவலி வரும், நிறுத்துவார். ஜூன் மாதம் வரை அக்கடிதம் நீண்டது. எழுதியதைத் திரும்பப் படிக்க அவருக்குத் துணிவில்லை. அக்கடிதம் இன்று நியூயோர்க் பொது நூலகத்திலே பாதுகாக்கப்படுகின்றது.

ஆண்டுகள் சென்றபின், 1818இல் தார்பிளே நோயுற்றுக் கிடந்தபோது, அருகிலிருந்து பணிசெய்தவர் ஃபனியே. கணவரின் இறுதி நாட்களையும் அவர் எழுதிவைத்தார். இம்முறை எவரும் எவரையும் வெளியே அனுப்பவில்லை.

எஸ்தருக்கு எழுதிய அந்த நீண்ட கடிதத்தைத் தபாலிற் சேர்ப்பதற்கு முன்னர் தார்பிளே வாசித்தார். செப்டெம்பர் 30ஆம் நாள் பிற்பகல், காரியாலயத்திலே தாம் வீணான கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்த வேளையில், தம் வீட்டுக் கூடத்திலே நடந்தவை யாவும் மனைவியின் கையெழுத்தில் அவர் முன்னே கிடந்தன. வாசித்து முடித்து, அவரும் பேனாவை எடுத்துத் தம் பங்குக்குச் சில வரிகளை அதிலே சேர்த்தார்.