பொறுப்பில் இருப்போரும் பணியிட மன அழுத்தமும்

வடலூர் வட்டாரத்திலிருந்து இதயநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் சிகிச்சை பெற வருவோரில் பலர், பிறரை வேலை வாங்கும் பொறுப்பில் உள்ளவர்கள். நெய்வேலிச் சுரங்கத்தின் ஷிப்ட் பொறுப்பாளர், கடலூர் சிப்காட் ஆலையின் மேற்பார்வையாளர், பள்ளித் தலைமையாசிரியர், சொந்தப் பட்டறை நடத்துபவர் என அவர்கள் பலவகையினர். "அதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம்" என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே.

லண்டனில் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்களிடம் 1967இல் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. இதயநோயால் இறந்தோர் விகிதம் உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியரிடமே மிகுந்திருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி நீங்கவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு காரணத்தைச் சுட்டியது: தம் வேலையை எப்போது, எவ்வாறு செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களையே இதயநோய் அதிகம் தாக்கியது.

வேலைப் பளுவைக் குறைக்கப் பல மேற்பார்வையாளர்களுக்கு அதிகாரம் இராது. ஆனால் இந்த உரிமையில் ஒரு பங்கை அளிப்பது அவர்கள் கையில்தான் உள்ளது. ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே அறிவித்தல், தக்க காரணத்திற்காக ஷிப்டை மாற்றிக்கொள்ள இடமளித்தல், ஓய்வு நாளில் தொலைபேசியில் அழைக்காதிருத்தல், நான்கு வேலைகளை ஒருசேரச் சொல்லாமல் எது முதலில் என்று தெளிவுபடுத்துதல் ஆகியன செலவில்லாதவை. ஆண்டுக்கொரு நாள் யோகா வகுப்பு நடத்திப் பாயைச் சுருட்டி வைப்பதைவிட இவை பயன் தரும் என்பது என் கருத்து.

நோயாளிகளுக்கோ இவை மருந்துக்கு நிகரானவை. வலிப்பு நோயுள்ளவருக்கு உறக்கம் கெட்டால் வலிப்பு மீண்டும் வரக்கூடும். இன்சுலின் செலுத்திக்கொள்பவர் உணவு நேரம் தவறினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். இதனை மேற்பார்வையாளரிடம் சொல்லப் பலர் அஞ்சுகின்றனர். தாம் மாத்திரை உட்கொள்வதை மேலதிகாரி மறைத்தால் கீழுள்ளவரும் மறைப்பர்.

பொறுப்பாளரின் உடலும் உடலே. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என 2021இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அறிவித்தன. "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்பவர், தம் வேலையை இன்னொருவருக்குக் கற்றுத்தந்து விடுப்பில் செல்லப் பழக வேண்டும்.

மாரடைப்புக்குப் பின் பணிக்குத் திரும்பவிருப்பவர்கள், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஷிப்ட் அட்டவணையையும் கொண்டுவருக. மாத்திரை நேரங்களை அதற்கேற்ப அமைக்க இயலும். நெஞ்சுவலியை டென்ஷன் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டா. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக. உறக்கமின்மை, காரணமற்ற சினம், மதுப்பழக்கம் கூடுதல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காண்க. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.