இலகு விமானமும் அதன் எஞ்சினும்: பராமரிப்பு என்னும் உழைப்புப் பற்றிச் சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிக்கப்பட்ட பொருளை நாள்தோறும் இயங்கும் நிலையில் வைத்திருப்போரின் உழைப்பு, அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. விமானத்துறை இதற்குத் தக்க உதாரணமாகும். 1903 இல் றைற் சகோதரரின் விமானத்தை இயக்கிய 12 பரிவலு எஞ்சினை, ஒரு கடைசல் இயந்திரமும் ஒரு துளையிடும் இயந்திரமுமே முக்கிய கருவிகளாக, ஏறத்தாழ ஆறு வாரங்களிற் செய்து முடித்தவர் அவர்களது சைக்கிள் கடையிற் கூலிக்கு வேலைசெய்த சாள்ஸ் ரெய்லர். விமானத் தொழில் பெருஞ்செல்வம் குவித்துவிட்ட 1955 இல், அவர் லொஸ் ஏஞ்சலிஸில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் வறியோர் பிரிவிற் கிடந்தமை தெரியவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

இப்பின்னணியில், ஓய்வுநேரப் பறப்புக்குப் பயன்படும் சிறு விமானங்களின் எஞ்சின் பராமரிப்பை நாம் இங்கு நோக்குவோம். செஸ்னா 172 இன் பல மொடல்களிற் பொருத்தப்பட்ட லைக்கமிங் ஓ-320 எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். நான்கு உருளைகள், காற்றே குளிரூட்டுகின்றது. ஒவ்வோர் உருளைக்கும் இரு பிளக்குகள். அவற்றுக்குத் தீப்பொறி தருவன மின்கலத்திற் தங்கியிராத இரு மக்னீற்றோக்கள். ஒன்று பழுதுற்றாலும் மற்றையது எஞ்சினை ஓட வைக்கும். ஒயில் வடிகட்டி உள்ளதாயின் 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றவேண்டும். பொதுவாக 2000 மணித்தியாலப் பறப்பின் பின், அல்லது 12 ஆண்டுகளின் பின், முழுமையாகக் கழற்றிப் புதுப்பிக்குமாறு உற்பத்தியாளர் விதந்துரைக்கின்றனர்.

இவ்விரு அளவுகளுள் இரண்டாவது ஏன் தேவைப்பட்டது என்பதே சிந்தனைக்குரியது. வார இறுதியில் மட்டும் பறக்கும் ஒருவர் ஆண்டுக்கு 50 மணித்தியாலம் பறப்பாராயின், 12 ஆண்டில் 600 மணித்தியாலமே சேரும். அதற்குள் எஞ்சின் தேய்ந்துபோவதில்லை; துருப்பிடித்துப் போகின்றது. இவ்வகை எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கமத்தண்டு மேற்பகுதியில் அமைந்திருப்பதால், நீண்ட நாள் நிறுத்திவைக்கும்போது ஒயில் அதனைவிட்டு வடிந்துவிடுகின்றது. எரிதலின்போது தோன்றிய நீராவி உள்ளே படிந்து உலோகத்தை அரிக்கின்றது. தரையிற் சில நிமிடம் ஓட்டி நிறுத்துவது இதற்குப் பரிகாரமாகாது. ஒயில் நன்கு சூடேறினாலன்றி அந்த ஈரம் வெளியேறாதாகையால், அவ்வாறு ஓட்டுவது மேலும் ஈரத்தையே சேர்க்கும். தனியுடைமையாகக் கொட்டிலிற் பூட்டிவைக்கப்பட்ட பொறி, பறப்புக் கழகமொன்றிற் பலர் நாள்தோறும் ஓட்டும் பொறியைவிட விரைவில் நலிவதுண்டு என்பது விமானத் திருத்தகங்களில் நன்கறிந்த விடயம்.

அடிக்கடி கழற்றிப் பார்ப்பதே சிறந்த பராமரிப்பு என்னும் எண்ணமும் ஆராயப்படவேண்டியதே. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் ஆய்வு நடத்திய சி. எச். வாடிங்ரன் (பேர்னால், நீட்ஹாம் ஆகியோருடன் ஒரே சிந்தனை வட்டத்திற் பழகிய உயிரியலாளர்), லிபரேற்றர் விமானங்களின் பழுதுப் பதிவுகளைக் கூர்ந்து நோக்கினார். 50 மணித்தியாலச் சோதனை முடிந்த உடனடியாகவே எதிர்பாராத பழுதுகள் மிகுந்தும், பின்னர் படிப்படியாகக் குறைந்தும் வந்தன. நன்றாயிருந்ததைக் குலைத்ததே அவற்றுக்குக் காரணம் என அவர் கண்டார். இவ்வாய்வு 1973 இல்தான் நூலாக வெளிவந்தது. இதனைப் பராமரிப்பே வேண்டாம் என்பதாக விளங்கிக்கொள்ளலாகாது. கழற்றாமலே நோக்கும் முறைகள் உள. ஒயில் வடிகட்டியை வெட்டி உலோகத் துகள் தேடலாம். உருளைக்குட் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகின்றது என அளக்கலாம். சிறு ஒளிக்குழாயால் வால்வுகளைப் பார்க்கலாம். இவற்றின் பெறுபேறுகளைத் தொடர்ச்சியாகப் பதிந்துவரும் மெக்கானிக்கின் அறிவு அட்டவணையில் அடங்குவதன்று.

மேம்படுத்தல் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். மக்னீற்றோ குறித்ததொரு கோணத்திலேயே தீப்பொறி தருவது. இலத்திரனியல் முறை எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அக்கோணத்தை மாற்றி எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆயின் அதற்கு மின்சாரம் தேவையாதலின் ஒரு மக்னீற்றோவை விட்டுவைப்போரும் உளர். ஒஸ்திரியாவின் றொட்டக்ஸ் 912 வகையிற் பின்னர் வந்த எஞ்சின், 1.35 லீற்றர் கொள்ளளவுடன், பற்சக்கரத் தொகுதியின் துணையால் 100 பரிவலு தருகின்றது. கொன்ரினென்ரல் ஓ-200 அதே வலுவுக்கு 3.3 லீற்றர் கொள்கின்றது. ஆயினும் றொட்டக்ஸின் இறப்பர்க் குழாய்கள் முதலியவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

இம்மாற்றங்களை யார் செய்யலாம்? ஐக்கிய அமெரிக்காவிற் சான்றிதழ் பெற்ற விமானத்தின் சொந்தக்காரர், தாமே விமானியாயின், ஒயிலையும் பிளக்கையும் மாற்றலாம். பெரிய வேலைகளுக்கு உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். தம் கையாற் கட்டிய விமானமாயின், அதன் ஆண்டுச் சோதனையையும் தாமே செய்யும் சான்றிதழைப் பெறலாம். செய்பவனும் பயன்படுத்துபவனும் ஒருவனாகும் இந்நிலை நம்மைக் கவர்வது இயல்பே. எனினும் அதற்கு வேண்டிய ஓய்வும் பணமும் யாரிடம் உள்ளன என்பதை மறத்தலாகாது.

பராமரிப்பின் இன்னொரு முகம் ஈயம். பழைய எஞ்சின்களுட் பல இன்றும் எரிக்கும் 100எல்எல் பெற்றோலில் லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது பிளக்குகளிற் கட்டியாகப் படிகின்றது. றொட்டக்ஸின் ஒயில் தாங்கியிற் சேறாகத் தேங்குகின்றது. அதனைச் சுரண்டி அகற்றுவது மெக்கானிக்கின் கை. எஞ்சியது புகையாக வெளியேறுகின்றது. கலிபோர்னியாவின் சன் ஹோசே நகரின் கிழக்குப் பகுதியில், ரீட்-ஹில்வியூ விமானத்தளத்தைச் சூழ, லத்தீன் அமெரிக்க வழிவந்த உழைப்பாளர் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. தளத்துக்கு அண்மையில் வாழும் சிறுவரின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாயிருப்பதை 2021 இல் வெளியான ஆய்வு காட்டியதையடுத்து, அம்மாவட்ட நிர்வாகம் 2022 சனவரி முதல் அங்கு ஈயப் பெற்றோல் விற்பனையை நிறுத்தியது. நாடு முழுவதும் அதனைக் கைவிடுவதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகுத்த இலக்கு 2030 ஆம் ஆண்டின் இறுதியாகும்.