ரயில் வராத பாலம்!

சிங்கப்பூர் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஆளுக்கொரு லிஸ்ட் நீட்டிவிட்டார்கள். கோடாலித் தைலம், டார்ச் லைட், சாக்லேட்... அப்பா மட்டும், ''பெரியப்பாவை ஒரு எட்டு பார்த்துட்டு வாடா'' என்றார்.

பெரியப்பா மலாயா ரயில்வேயில் கேங் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வயது 82. ''மெரினா பே போகலாமா?'' என்றேன். ''அதெல்லாம் சினிமாவுல பார்த்துக்க. வா, என் பாலத்தைக் காட்டுறேன்'' என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புக்கிட் தீமா. காரும் பஸ்ஸும் பறக்கிற சாலைக்கு மேலே, முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்புப் பாலம். பாம்பனைப் பார்த்தவனுக்கு இது குழந்தை! 1932-ல் ரயில் பாதையைத் திருப்பிப் போட்டபோது கட்டியது. மீட்டர் கேஜ்; எழும்பூரில் நாம் ஏறி இறங்கினோமே, அதே அகலம். பக்கத்திலேயே சின்னஞ்சிறு ஸ்டேஷன். ஒற்றைப் பாதை என்பதால், இங்கே டோக்கன் மாற்றிக்கொண்டுதான் டிரைவர் மேலே போகவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 1965-ல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் தண்டவாளமும் அது கிடந்த நிலமும் மலேசிய ரயில்வே வசமே இருந்தன. நம் வீட்டுக் கூடத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் வழி வைத்திருந்த மாதிரி! வருஷக்கணக்கில் பேசி முடித்து, 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். ஆமாம், சுல்தானேதான்! பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பாலத்திலும் ஸ்டேஷனிலும் மட்டும் ஞாபகத்துக்குக் கொஞ்சம். இப்போது 24 கிலோ மீட்டருக்கு நடக்க, ஓட, சைக்கிள் விடப் பாதை.

''கடைசி ரயிலைப் பார்க்க வந்தீங்களா பெரியப்பா?''

''பையன் கூப்பிட்டான். போகல. கேமராவும் கையுமா அவ்வளவு ஜனம்! வீட்டுலயே படுத்திருந்தேன். ஹாரன் கேட்டுச்சு. நீளமா அடிச்சான்.'' குடை நுனியால் தண்டவாளத்தை ஒரு தட்டுத் தட்டினார். ''மறுநாள் விடியக்காலைல முழிப்பு வந்துருச்சு. ஒரு சத்தம் இல்ல. உங்க பெரியம்மா போனப்பகூட வீடு அவ்வளவு வெறிச்சுனு இல்லடா.''

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாலையைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு சீனப் பையன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தடதடவென்று ஓடிவந்தான். பெரியப்பா சட்டென்று என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவன் கடந்து போகும்வரை கையை எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்!

பாலத்தின் முனைக்கு வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். தண்டவாளத்தின் இணைப்பில் இருந்த போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தார்.

''இது லூசா இருக்கு.''

''ரயில்தான் வராதே பெரியப்பா!''

''அதுக்கு?'' என்றார், என்னை முறைத்தபடி.