நோயுற்ற குழந்தைக்குத் தொலைவிலிருந்து ஒரு துணை

1952-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் மாநகரிலுள்ள அரச மருத்துவச் சங்கத்தில், டாக்டர்களும் தாதியரும் கூடியிருந்த ஓர் அவையின் முன் ஒரு சலனப்படம் காட்டப்பெற்றது. அதில் நடிகர் எவரும் இல்லை. கதையென்று சொல்லத்தக்கதும் இல்லை. லாரா என்னும் பெயருடைய, இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன சிறுமி ஒருத்தி, தொப்புள் பிதுக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை பெறுவதற்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் தங்குகின்றாள். பின்பு வீடு திரும்புகின்றாள். அவ்வளவே செய்தி. ஆயினும் படம் முடிந்தவுடன் அவையில் சினம் மூண்டது. படத்தை எடுத்தவர் மருத்துவத் தொழிலையே அவமதித்துவிட்டார் என்று எழுந்து கூறினர். அதனைப் பிறருக்குக் காட்டலாகாது என்றும் வற்புறுத்தினர்.

படத்தை எடுத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு அம்மையார் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் பணியில் இருந்து, அங்கேயே குழந்தைகளின் மனத்தை உற்றுநோக்கக் கற்றுக்கொண்டவர். பின்னர் ஜான் பௌல்பி என்னும் உளமருத்துவ அறிஞருடன் சேர்ந்து உழைத்தார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்று எவரும் குறை கூறாதிருக்கும் பொருட்டு, நாள்தோறும் குறித்த வேளையில், சுவர்க் கடிகாரமும் திரையில் தெரியுமாறு அவர் படம் பிடித்தார். லாரா ஓயாது கதறுகின்ற குழந்தையல்லள். அதுவே படத்தின் வலிமை. அவள் அடக்கமாக இருக்கின்றாள். இடையிடையே 'அம்மா எங்கே?' என்று கேட்கின்றாள். வந்த கண்ணீரைத் தானே துடைத்துக்கொள்கின்றாள். இறுதி நாளில் அழைத்துச் செல்ல வந்த தாய் கையை நீட்டுகின்றாள். மகள் அதனைப் பற்றிக்கொள்ள மறுத்து, தன் பொருள்களைச் சுமந்துகொண்டு தனியே நடக்கின்றாள்.

அக்காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளின் வழக்கத்தை அறிந்தால்தான் இதன் பொருள் விளங்கும். 1949-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, இலண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி முதல் ஒரு மாதம் பெற்றோரைப் பார்க்க விடுவதில்லை. இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, உறங்குகின்ற குழந்தையை அவர்கள் கண்டு செல்லலாம். மற்றோர் ஆஸ்பத்திரியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்க மட்டுமே இசைவு உண்டு. இது கொடுமை செய்யும் எண்ணத்தால் வந்ததன்று. தொற்றுநோய் பரவுமென்னும் அச்சம் ஒரு காரணம். தாய் வந்து போனால் குழந்தை அழும், வராதிருந்தால் அமைதியாகிவிடும் என்று கண்டது மற்றொரு காரணம். அந்த அமைதி எத்தகையது என்பதையே ராபர்ட்சன் வினவினார். முதலில் குழந்தை எதிர்த்து அழுகின்றது. பின்பு நம்பிக்கையிழந்து சோர்கின்றது. மூன்றாம் நிலையில் தாயையே வேண்டாதது போல் விலகிக்கொள்கின்றது. மூன்றாம் நிலையையே தாதியர் 'பழகிவிட்டது' என்று கொண்டிருந்தனர்.

நம் நாட்டு நேயர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். நம் அரசு மருத்துவமனைகளில் கட்டிலின் மேல் குழந்தையும் கட்டிலின் அடியில் பாயில் தாயுமாக இருப்பதே கண்கூடு. இட நெருக்கடியையும் சுகாதாரக் குறைவையும் நாம் அறிவோம். ஆயினும் இந்த ஒரு பொருளில், செல்வம் மிக்க நாடுகள் அரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டதை நம் தாய்மார்கள் எவரும் சொல்லாமலே செய்துவந்தனர் எனலாம். இங்கிலாந்தில் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும், சிறு குழந்தையுடன் தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்று அறிக்கை தந்தது 1959-இல். அதன்பின்னும் பல மருத்துவமனைகள் அசையவில்லை. 1961-இல் தாய்மார்களே ஒரு சங்கம் கூட்டிக் கிளர்ச்சி செய்ய வேண்டியதாயிற்று.

தாய் அருகிலிருந்தால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் எம்மா பிளாங்க் அம்மையார். வியன்னாவிலே மாண்டிசோரி முறையில் பயின்று அமெரிக்கா சென்றவர். இளம்பிள்ளைவாத ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற டாக்டர் பிரெடரிக் ராபின்ஸ் அழைக்க, 1955-இல் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் கல்வியையும் விளையாட்டையும் கவனிக்கும் பகுதியைத் தொடங்கினார். 1962-இல் அவர் இத்துறை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இவ்வழியில் வளர்ந்ததே, இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 'சைல்ட் லைஃப்' என்று வழங்கும் தொழில். இங்கிலாந்தில் இவர்களை விளையாட்டு வல்லுநர் என்பர். இவர்கள் மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. ஊசி போடப்போகின்றார்கள் என்னும் உண்மையைக் குழந்தைக்கு விளங்குமாறு சொல்வதும், அதைத் தாங்கும் வழியைக் கற்பிப்பதுமே இவர்கள் தொழில்.

அது எளிதன்று. 'வலிக்கவே வலிக்காது' என்பது நாம் அனைவரும் சொல்லும் பொய். ஊசி குத்தியவுடன் அப்பொய் வெளிப்பட்டுவிடும். அதன்பின் அக்குழந்தை வெள்ளை உடுப்பு அணிந்த எவரையும் நம்பாது. வல்லுநர் பொம்மையின் கையில் மெய்யான கட்டைப் போட்டுக் காட்டுவார். 'எந்தக் கையில் போடலாம், நீயே சொல்' என்று கேட்பார். ஊசி போடுவதா வேண்டாவா என்பதில் குழந்தைக்கு உரிமையில்லை. எந்தக் கை என்பதில் உண்டு. சோப்பு நீரில் குமிழி ஊதச் சொல்வதும் வெறும் வேடிக்கையன்று. குமிழி ஊத வேண்டுமானால் மூச்சை நீட்டி மெல்ல விட வேண்டும். மூச்சு நீண்டால் உடல் தளரும். பிடித்து அமுக்கிப் படுக்க வைப்பதற்கு மாறாக, தாயின் மடியில் அணைத்து உட்கார வைத்தே ஊசி போட ஏற்பாடு செய்வதும் இவர்கள் வேலையே.

இப்போது ஒரு சிக்கலைக் கருதுவோம். இரத்தப் புற்றுநோய் கண்ட எட்டு வயதுச் சிறுவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகின்றது. அவன் உடலின் காவற்படையாகிய வெள்ளை அணுக்கள் சில வாரங்களுக்கு இல்லையென்னுமளவு குறைந்துவிடுகின்றன. சாதாரணச் சளியும் அவனுக்கு ஆபத்து. ஆகவே வடிகட்டிய காற்றுள்ள தனியறையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். தாயோ தந்தையோ ஒருவர் உடனிருக்கலாம். தங்கை வரலாகாது; பள்ளித் தோழர் வரலாகாது. 1949-ஆம் ஆண்டின் கண்ணாடித் தடுப்பு, இம்முறை மறுக்கவியலாத மருத்துவக் காரணத்தோடு, திரும்பவும் வந்துவிட்டது.

இத்தடுப்பைக் கடக்கக் கணிப்பொறியை நாடியவர்கள் அமெரிக்கர்கள். 1995-இல், திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமை தாங்கிய ஸ்டார்பிரைட் அறநிறுவனம், வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளில் கிடந்த குழந்தைகளைக் கம்பி வழியே இணைத்தது. திரையில் தோன்றும் கற்பனை நாட்டில் ஒவ்வொரு குழந்தையும் தனக்கு விருப்பமான உருவம் எடுத்துத் திரியலாம். எதிர்ப்படும் மற்றொரு குழந்தையோடு பேசலாம். கட்டிலை விட்டு இறங்க முடியாத பிள்ளை அங்கே ஓடிற்று. பிற்பாடு கனடாவில், குழந்தை வாழ்வியல் வல்லுநர் வழியாக மட்டுமே நுழையக்கூடிய 'உபோபொலிஸ்' என்னும் இணையக் கூடம் தோன்றிற்று. அந்நியர் எவரும் அதில் புகவியலாது. நோயைப் பற்றிக் குழந்தைக்கு விளங்கும் சொற்களில் எழுதிய விளக்கங்களும் அதில் இருந்தன. 2020-இல் கொரோனா நோய் பரவி மருத்துவமனைகள் வருகையாளரைத் தடுத்தபோது, அதுவரை சிலர் மட்டும் செய்துவந்த தொலைப்பணியைப் பலரும் கைக்கொள்ள நேர்ந்தது.

தொலைவிலிருந்து இவர்கள் செய்வதுதான் என்ன? அறுவைச் சிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே வல்லுநர் குழந்தையின் வீட்டோடு திரை வழியே தொடர்பு கொள்கின்றார். முதற்காரியமாக, பிள்ளை இருக்கும் இடத்தையும் உடனிருக்கும் பெரியவரின் தொலைபேசி எண்ணையும் உறுதி செய்துகொள்வார். உயிர் வாழ விருப்பமில்லை என்று ஒரு வளரிளம் பிள்ளை திடீரென எழுதிவிட்டால், எங்கே ஆளனுப்புவது என்று தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதன்பின் குழந்தை தன் அறையையும் பொம்மையையும் காட்டும். 'ஆஸ்பத்திரிக்கு எதற்காகப் போகின்றாய்?' என்று அவர் கேட்பார். விடையில்தான் புதையல் இருக்கின்றது. தம்பியை அடித்ததற்குத் தண்டனையாக நோய் வந்தது என்று எண்ணும் சிறுவர் உண்டு. 'உன்னைத் தூங்க வைத்துவிட்டு அறுப்பார்கள்' என்று பெரியவர் தேற்றியிருப்பார்; பாட்டி இறந்தபோதும் 'தூங்குகின்றாள்' என்றே அக்குழந்தைக்குச் சொல்லியிருப்பார்கள். அதன் நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புலப்படும். மருந்தால் வரும் தூக்கம் வேறு, அதற்கென்றே ஒரு டாக்டர் முழுநேரமும் அருகிலிருந்து காப்பார், மருந்தை நிறுத்தியதும் விழிப்பு வரும் என்று வல்லுநர் விளக்குவார். பிறகு ஒரு துணிப்பட்டையை எடுத்துப் பொம்மைக்குக் கட்டச் சொல்வார்.

இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரையால் பெரும்பயன் இல்லை. அங்கே பேச்சு முழுதும் பெற்றோருடன்தான்: எந்தப் பொம்மையைக் கொண்டுவருவது, எப்போது சொல்வது, தாய் தானே அழுகையை எவ்வாறு அடக்குவது என்பன. வளரிளம் பருவத்தினர் இதற்கு நேர்மாறு. தலைமயிர் உதிர்ந்த முகத்தைக் காட்ட விரும்பாமல், ஒளிப்படக் கருவியை அணைத்துவிட்டு, எழுத்தால் மட்டும் பேசுவர். நேரில் வாய் திறவாத பிள்ளைகளிற் சிலர் எழுத்தில் மனம் திறப்பதுண்டு. வீட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கையரும் உளர். எல்லார் கவனமும் நோயாளியின் மேல் குவிய, 'என்னை ஒருவரும் கேட்பதில்லை' என்னும் குறையும், அக்குறையை எண்ணியதற்கு வெட்கமும் அவர்களை வாட்டும். மருத்துவமனைக்கே வர முடியாத அவர்களை எட்டுவதற்குத் தொலைத்தொடர்பே தக்க வழி. என் கருத்தில் இம்முறையின் மிகப் பெரிய நன்மை இதுவே; ஆனால் இதுவே அதிகம் பேசப்படாததும் ஆகும்.

குறைகளையும் மறைத்தலாகாது. திரையில் முகம் தெரியும். போர்வைக்குள் சுருண்ட கால்விரல்கள் தெரியமாட்டா. கையைப் பிடிக்க முடியாது. கருவிக்குப் பின்னால் யார் நின்று கேட்கின்றார் என்பதும் தெரியாது. தாய் வருந்துவாளென்று அஞ்சிக் குழந்தை தன் அச்சத்தை விழுங்கிவிடும். நல்ல இணைப்பும் தனியறையும் இல்லாத குடும்பம் விலக்கப்பட்டே போகின்றது. இவற்றினும் கடினமானது ஒன்று உண்டு. நோயுற்ற பிள்ளைகள் ஒருவரோடொருவர் நட்புக் கொள்ளும் கூடத்தில், ஒருநாள் ஒரு பெயர் பேசாமற் போய்விடும். மற்றவர்கள் கேட்பார்கள். 'ஊருக்குப் போய்விட்டான்' என்று வல்லுநர் சொல்லலாகாது. ஊசி வலிக்காது என்ற பொய்யினும் பெரிய பொய் அது. அக்குடும்பத்தின் இசைவு பெற்று, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே, உடன் ஒரு பெரியவர் இருக்கும் வேளை பார்த்து, இறப்பு என்ற சொல்லையே வழங்கி, அதனைச் சொல்ல வேண்டும். எந்தப் பொறியும் இதைச் செய்யாது. பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டியிருப்பது இத்தகைய நாளுக்காகவே.

நார்வே நாட்டில் ஆஸ்லோ நகரத்து நிறுவனம் ஒன்று, நெடுநாள் நோயுற்ற பிள்ளைகளுக்காக ஒரு சிறிய இயந்திர உருவம் செய்துள்ளது. ஏவி-1 என்பது அதன் பெயர். மேசை மேல் வைக்கத்தக்க தலையும் தோளும் மட்டும் உடையது. வகுப்பில் காலியாயிருக்கும் இடத்தில் அதனை வைக்கின்றார்கள். கட்டிலில் கிடக்கும் பிள்ளை தன் கையிலுள்ள பலகைக் கணிப்பொறியால் அதன் தலையைத் திருப்பி ஆசிரியரையும் தோழரையும் காணலாம். அதன் வாயிலாகப் பேசலாம். பிள்ளையின் முகமோ வகுப்பிலுள்ளோர்க்குத் தெரியாது. கேள்விக்கு விடை தெரிந்தால் அவ்வுருவின் தலையில் விளக்கு மின்னும். அது கை தூக்குவதற்கு ஒப்பு. உடல் சோர்ந்த நாளில் பிள்ளை வேறொரு பொத்தானைத் தொட, தலை நீல நிறமாக ஒளிரும். அதைக் கண்டால் ஆசிரியர் அப்பிள்ளையைக் கேள்வி கேட்பதில்லை. பிள்ளை பேசாமல் படுத்தபடியே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.