ஒரே எழுத்து, வேற கொசு

சிக்கன்குனியாவுக்கும் சிக்கனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முதல்லயே சொல்லிடறேன். அது ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழிச் சொல். மூட்டுவலியில் ஆளை வளைச்சு மடக்கிடுவதால் அந்தப் பெயர். இன்றைய தான்சானியாவின் தெற்கே 1952-ல் பரவியபோதுதான் இது தனி நோய்னு தெரிஞ்சது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிடும். வலி சிலருக்கு வருஷக்கணக்கில் நிக்கும்.

இந்த வைரஸோட மொத்த மரபணுவும் சுமார் 11,800 எழுத்துதான். நம்ம மினி ப்ராஜெக்ட் கோடே இதைவிட நீளமா இருக்கும்! ஆர்என்ஏ வைரஸ் என்பதால் காப்பி எடுக்கும்போது விழுற தப்பைத் திருத்திக்கிற வசதி இதுக்குக் கிடையாது. பெரும்பாலான தப்புகள் வைரஸையே கெடுத்துடும். எப்பவாவது ஒண்ணு அதுக்குச் சாதகமா அமையும்.

1963-ல் கொல்கத்தா, 1964-ல் சென்னை, வேலூர்னு இங்கே பரவியது ஆசிய வம்சாவளி வைரஸ். பரப்பியது ஏடிஸ் எஜிப்டி, நம்ம வீட்டு டிரம்மில் முட்டையிடுற கொசு. 70-களுக்கு அப்புறம் இந்தியாவில் ஏறக்குறைய முப்பது வருஷம் அமைதி. பிறகு 2004-ல் கென்யாவின் கடற்கரையில் ஆப்பிரிக்க வம்சாவளி வைரஸ் கிளம்பி, அடுத்த வருஷமே இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவுக்குப் போனது.

அங்கே எஜிப்டி ரொம்பக் குறைவு. தோட்டங்களில் வாழும் புலிக்கொசுதான் அதிகம். அதன் குடலில் இந்த வைரஸ் சரியா தொற்றாது. ஆனா வைரஸின் வெளிப்புறத்தில் இருக்கிற ஈ1 புரதத்தில், 226-வது இடத்தில் அலனைன் போய் வாலைன் வந்தது. ஆர்என்ஏவில் பார்த்தா ஒரு 'சி' இருந்த இடத்தில் ஒரு 'யு', அவ்வளவுதான். புலிக்கொசுவில் தொற்றும் திறன் பல மடங்கு ஏறிடுச்சு. அப்போ ஏழே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த தீவில் மூணில் ஒரு பங்கு மக்கள் படுத்தாங்க.

2006-ல் இந்தியாவில் பெருசா பரவிய வைரஸிடம் இந்த மாற்றம் இல்லை. 2007-ல் கேரளாவில் அதே மாற்றம் தனியா, இன்னொரு தடவை உருவாச்சு. ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கிற கிண்ணங்களில் மழைத்தண்ணி தேங்க, புலிக்கொசு அங்கே பெருகிக் கிடந்தது. அதே வருஷம் கேரளாவிலிருந்து போன ஒருத்தர் வழியா இத்தாலியின் ரவென்னா பகுதியில் சுமார் 200 பேருக்குக் காய்ச்சல். பழைய டயர் இறக்குமதியோட புலிக்கொசு அதுக்கு முன்னாடியே அங்கே குடியேறியிருந்தது.

இப்போ ஒரு சந்தேகம் வரணும். புலிக்கொசுவுக்குச் சொந்த ஊரே ஆசியா. இங்கே பல பத்தாண்டு இருந்த ஆசிய வைரஸுக்கு ஏன் இந்த யோகம் அடிக்கலை? எனக்கு மொத்தக் கதையிலும் பிடிச்ச இடம் இதுதான். அதே ஈ1 புரதத்தின் 98-வது இடத்தில் ஆப்பிரிக்க வைரஸுக்கு அலனைன், ஆசிய வைரஸுக்கு திரியோனைன். அந்த திரியோனைன் இருக்கிறவரை 226-ல் மாற்றம் வந்தும் பலன் இல்லைன்னு 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. பேட்ச் ஒண்ணுதான், பழைய வெர்ஷனில் ஓடாது.

2013 கடைசியில் கரீபியன் தீவுகளில் இறங்கி அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவியது ஆசிய வைரஸ், அதாவது பேட்ச் ஓடாத வெர்ஷன். ஆனா 2014-ல் பிரேசிலின் பாகியா மாநிலத்துக்கு ஆப்பிரிக்க வைரஸும் வந்து சேர்ந்தது. பிரேசிலில் புலிக்கொசு 80-களிலிருந்தே இருக்கு.